ஆறு பேர், மூணு வரிசை எஸ்யூவி, 12 நாள், 3,000 கிலோமீட்டர் – யாரை எங்க உக்கார வைக்கிறது, லக்கேஜை எங்க வைக்கிறது?

நிலா_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். லீவுக்கு குடும்பத்தோட கிளம்பறோம், 12 நாள், சுத்தி முடிச்சு வீடு வந்து சேர 3,000 கிலோமீட்டர் கிட்ட ஆகும். நான், மனைவி, 8 வயசு பொண்ணு, 3 வயசு பையன், எங்க அப்பா அம்மா. வண்டி மூணு வரிசை டீசல் எஸ்யூவி, வாங்கி நாலு வருஷம் ஆச்சு, ஆபீஸ் ஸ்கூல்னு தினசரி ஓட்டத்துல இது மேல ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனா போன மாசம் ஒத்திகை மாதிரி ரெண்டு நாள் ஒரு ட்ரிப் போயிட்டு வந்தோம், அங்கதான் எல்லா பிரச்னையும் வெளிய வந்துச்சு. மூணாவது வரிசை சீட்டை நிமித்திட்டா டிக்கில நாலு பை வச்சதுமே கதவு மூட மாட்டேங்குது, அதனால பெரிய சூட்கேஸ் ரெண்டையும் மேல கேரியர்ல ஏத்தி கயிறு போட்டு கட்டினேன். கிளம்பினப்பவே வண்டி பின்னாடி அமுங்கி மூக்கை தூக்கிட்டு நின்னுச்சு. 90ல போறப்ப பக்கத்துல ஒரு லாரி தாண்டிப் போனா வண்டி ஒரு ஆட்டம் ஆடி நிக்குது, ஸ்டியரிங் கைல பிடிமானமே இல்லாம மிதக்குற மாதிரி இருக்கு. ராத்திரி எதிர்ல வர்றவங்க எல்லாம் எனக்கு லைட் அடிச்சு காட்டிட்டே போனாங்க, நான் லோ பீம்லதான் வந்துட்டு இருந்தேன்.

இதை விட பெரிய கவலை அம்மா. அவங்களை மூணாவது வரிசைல உக்கார வச்சோம், ஒரு மணி நேரத்துல தலை சுத்தல், அப்புறம் வாந்தி. இறங்கறப்ப முட்டியை மடக்கவும் முடியல நீட்டவும் முடியல, முன் சீட்டு முதுகை பிடிச்சுக்கிட்டு ஒரு காலை வெளிய விட்டு தரை எங்க இருக்குன்னு கால் விரலால தேடினாங்க பாருங்க, அதை பாத்துட்டு எனக்கு மனசே சரியில்ல. வீட்டுக்கு வந்ததும் "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வரல"ன்னுட்டாங்க. அவங்களை விட்டுட்டு போக எனக்கு இஷ்டமே இல்ல.

இதே வண்டில ஆறு பேரும் நல்லபடியா போயிட்டு வர வழி இருக்கா? பெரிய ரூஃப் பாக்ஸ் வாங்கினா சரியாகுமா? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க.

டீசல்_பயணி:

நிலா அப்பா, ரூஃப் பாக்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. டிரைவர் கதவை திறந்தா கதவோரத் தூண்லயோ இல்ல பானெட்டுக்குள்ள ஒரு பிளேட்லயோ வண்டி மொத்தமா எவ்வளவு எடை வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கும், அதுக்கு கீழயே முன் ஆக்ஸிலுக்கு, அதாவது முன் சக்கரம் ரெண்டையும் தாங்குற அச்சுக்கு எவ்வளவு, பின் ஆக்ஸிலுக்கு எவ்வளவுன்னும் இருக்கும். அந்த மொத்த எடைல இருந்து காலி வண்டி எடையை கழிச்சா மிச்சம் வர்றதுதான் உங்க ஆளுங்களுக்கும் சாமானுக்கும் சேர்த்து இருக்குற இடம். ஏழு சீட் இருக்கே, ஏழு பேரும் அவங்க பையும் ஏறலாம்னுதான் நாம நெனச்சுக்கறோம், நிறைய வண்டில ஏழு பெரியவங்க ஏறினாலே அந்த கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சு போயிடும். காலி எடைன்னு போட்டிருக்குறதுல டிரைவர் சேர்த்தியா இல்லையான்னும் பாத்துக்கோங்க, ஐரோப்பிய கணக்குல டிரைவருக்குன்னு 75 கிலோ அதுக்குள்ளயே இருக்கும், மத்த இடத்துல பெரும்பாலும் இருக்காது.

அப்புறம் வீட்டுல எடை பாக்குற மெஷின்ல ஒவ்வொரு பையா தூக்கிட்டு நின்னு பாத்து எழுதுங்க. நான் முதல் தடவை செஞ்சப்ப தண்ணி கேன், கூலர் பெட்டி, ஸ்ட்ரோலர், செருப்பு பை இந்த மாதிரி "இதெல்லாம் ஒரு எடையா"ன்னு நெனச்சதே 50 கிலோ வந்துச்சு. முடிஞ்சா முழுசா லோடு ஏத்தி, ஆளுங்களும் உக்காந்தபடியே, லாரிக்கு எடை போடுற மேடைல ஒரு தடவை ஏத்துங்க. முதல்ல முன் சக்கரம் மட்டும், அப்புறம் முழு வண்டி. ரெண்டையும் கழிச்சா பின் ஆக்ஸில் எவ்வளவு சுமக்குதுன்னு தெரிஞ்சிடும்.

ஸ்டியரிங் மிதக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கு காரணம் இதுதான். பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி தொங்குற எடை முன் பக்கத்தை தூக்கி விடும், முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்காது. மேல ஏத்தின சூட்கேஸ் வேற வண்டியோட கனத்தை உயரத்துக்கு கொண்டு போயிடுச்சு, எஸ்யூவி ஏற்கனவே உயரம். பெரிய பாக்ஸ் வாங்கினா அதுல இன்னும் சாமான் ஏத்தத்தான் தோணும், அதனால ஆட்டம் அதிகமாகுமே தவிர குறையாது.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன், அன்னைக்கு டயர்ல காத்து எவ்வளவு வச்சிருந்தீங்க?

நிலா_அப்பா:

எப்பவும் வைக்கிற 33 பி.எஸ்.ஐ.தான் சார், நாலு டயருக்கும்.

டீசல்_பயணி:

அப்ப பாதி ஆட்டம் அங்கதான். அதே கதவோரத் தூண்ல டயர் காத்துக்குன்னு ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல ரெண்டு வரிசை நம்பர் இருக்கும், ஒண்ணு ரெண்டு மூணு பேர் போறப்ப, இன்னொண்ணு ஃபுல் லோடுக்கு. என் வண்டில சாதாவுக்கு 33, ஃபுல் லோடுக்கு பின்னாடி 41. காத்து கம்மியா லோடை ஏத்தினா டயரோட பக்கச்சுவர் வளைஞ்சு வளைஞ்சு நிமிரும், அதுலதான் வண்டி தள்ளாடும், அதை விட மோசம், நாள் முழுக்க அப்படி ஓட்டினா டயர் உள்ளுக்குள்ள சூடேறி வெடிக்கற வரைக்கும் போகும். காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் ஆறி இருக்கறப்ப செக் பண்ணுங்க. ஓடி வந்த டயர்ல நாலஞ்சு பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், அதை பாத்து பயந்து காத்தை இறக்கி விட்டுடாதீங்க.

டயர் வயசையும் பாருங்க, பக்கச்சுவர்ல கடைசி நாலு எண் இருக்கும், 2321ன்னா 2021ல 23வது வாரம் செஞ்சது. ஸ்டெப்னியோடதையும் சேர்த்து பாருங்க, அதை யாரும் பாக்கறதே இல்ல.

எதிர்ல வந்தவங்க லைட் அடிச்சது பின்னாடி அமுங்கினதால உங்க லைட் மேல் நோக்கி போனதுனால. டாஷ்போர்டுல டிரைவர் பக்கம் 0, 1, 2, 3ன்னு ஒரு சின்ன சக்கரம் இருக்கும், லோடு ஏற ஏற அதை மேல எண்ணுக்கு திருப்பினா லைட் கீழ இறங்கும். சில வண்டில தானாவே இறங்கும், உங்களது இறங்கலன்னு தெரியுது.

மூணு_பிள்ளை_அம்மா:

எடை கணக்கை அண்ணா தெளிவா சொல்லிட்டாரு, நான் சீட்டு பத்தி சொல்றேன். தயவுசெஞ்சு வயசானவங்களை மூணாவது வரிசைல உக்கார வைக்காதீங்க. அந்த சீட்டு பின் சக்கரத்துக்கு மேலயோ பின்னாடியோ இருக்கறதால ரோட்டுல இருக்குற ஒவ்வொரு தூக்கலும் நேரா முதுகுல வந்து விழும், தரை உயரமா சீட்டு தாழ்வா இருக்கறதால முட்டி நெஞ்சு கிட்ட வந்துடும், ஜன்னலும் சின்னது. வாந்திக்கு காரணமே வண்டி அசையறது காதுக்குள்ள தெரியுது, கண்ணுக்கு முன் சீட்டோட முதுகு மட்டும்தான் தெரியுது, ரெண்டும் ஒத்துப் போகாம மூளை குழம்புறதுதான். அம்மாவை ரெண்டாவது வரிசைல கதவோரமா உக்கார வச்சு தூரத்துல பாக்கச் சொல்லுங்க, பெரிய மாற்றம் தெரியும். இல்லன்னா முன் சீட்டுலயே உக்கார வைங்க.

மூணாவது வரிசைக்கு பொண்ணுதான் சரி. ஆனா அவளுக்கு பூஸ்டர் சீட் வேணும், 8 வயசுல பெல்ட் கழுத்துலயும் வயித்துலயும்தான் போகும், தோள்லயும் இடுப்பு எலும்புலயும் உக்காராது. உயரம் 135ல இருந்து 150 செ.மீ. வர்ற வரைக்கும்னு நாட்டுக்கு நாடு சட்டம் வேற வேற. அங்க உக்காந்து போன், டேப் எதுவும் வேண்டாம், அவளுக்கும் தலை சுத்தும், பாட்டு கதை கேக்கட்டும்.

அடுத்தது யாரும் முன்கூட்டி யோசிக்காத விஷயம், நான் அனுபவிச்சதால சொல்றேன். ரெண்டாவது வரிசைல ஒரு பக்க சீட்டு மட்டும்தான் மடிஞ்சு உருண்டு மூணாவது வரிசைக்கு வழி விடும்னு நிறைய வண்டில இருக்கு. தம்பியோட சைல்ட் சீட்டை அந்த பக்கம் ஐசோஃபிக்ஸ்ல (கார் சீட்டோட சேர்த்து பூட்டுற கொக்கி) மாட்டிட்டா வழியே அடைஞ்சு போயிடும், பின்னாடி இருக்குற பொண்ணு பாத்ரூம் போகணும்னாலும் டிக்கி வழியாத்தான் இறங்கணும். அவசரத்துல அது ஆபத்தும் கூட. அதனால சைல்ட் சீட் மடியாத பக்கம், அம்மா மடியற பக்கம் கதவோரம், நடுவுல உங்க மனைவி. பொண்ணு முதல்ல ஏறி உள்ள போகட்டும், அப்புறம் அம்மா ஏறட்டும்.

ஏறி இறங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் போதும், மேல் பக்கம் வழுக்காம ரப்பர் ஒட்டினது. அதை டிக்கிக்குள்ள போட்டுடாதீங்க, அவங்க கதவுக்கு பக்கத்துல கால் வைக்கிற இடத்துலயே இருக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா நிறுத்தி அம்மாவும் அப்பாவும் பத்து நிமிஷம் நடக்கணும். ரொம்ப நேரம் காலை தொங்க விட்டு உக்காந்தா கால் வீங்கும், வயசானவங்களுக்கு கால்ல ரத்தம் உறையற அபாயமும் உண்டு. தூரத்தை முடிக்கணும்னு இதுல மட்டும் கை வைக்காதீங்க.

ஏசி எந்நேரமும் உள்காத்து சுத்துற மோட்லயே ஓடிட்டு இருந்தா ஆறு பேர் மூச்சுல கார்பன் டை ஆக்சைடு ஏறி உங்களுக்கே தூக்கம் சொக்கும், அப்பப்ப வெளிக்காத்துக்கு மாத்துங்க.

மலைவழி:

எல்லாரும் சாமானை பேக் பண்றதை பத்தி சொல்றோம், நான் ஜாக்கி எங்க இருக்குன்னு கேக்கறேன். எங்க வண்டில டிக்கி கார்ப்பெட்டுக்கு அடில ஒரு பலகை, அதுக்கும் அடில ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னியை இறக்குற கம்பி. ஸ்டெப்னி வண்டிக்கு அடில சங்கிலில தொங்குது, டிக்கில ஒரு சின்ன ஓட்டை வழியா அந்த கம்பியை விட்டு சுத்தி சுத்தி இறக்கணும். மூணு வருஷம் முன்னாடி ராத்திரி பதினோரு மணிக்கு நல்ல மழைல பின் டயர் போயிடுச்சு. 11 பையை ஒவ்வொண்ணா இறக்கி ரோட்டோரம் சகதில வச்சு, பிள்ளைங்களை வேலிக்கு அந்தப் பக்கம் குடை பிடிச்சு நிக்க வச்சு, அந்த ஓட்டையை மொபைல் வெளிச்சத்துல தேடி கண்டுபிடிக்கறதுக்கே அரை மணி நேரம். தேடிப் பிடிச்சா கம்பி மாட்டுற இடத்துல மண்ணு இறுகி கெட்டியா இருந்துச்சு. அன்னைக்கு என் பெரியவன் குளிர்ல நடுங்கினது இப்ப நெனச்சாலும் நெஞ்சு பதைக்குது.

அதுல இருந்து ஜாக்கி, ஸ்பேனர், கம்பி, தலைல மாட்டுற டார்ச், முக்கோண எச்சரிக்கை பலகை, மின்னுற ஜாக்கெட் எல்லாம் ஒரே துணிப் பைல சுத்தி டிக்கில கடைசியா, கதவை திறந்ததும் கை படுற இடத்துல வைக்கிறேன். கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பகல்ல வீட்டு வாசல்ல வச்சு ஒரு தடவை ஸ்டெப்னியை இறக்கி ஏத்தி பாருங்க. அது ஒல்லியான தற்காலிக டயரா இருந்தா 80க்கு மேல போகக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும், லோடு ஏத்தின வண்டில அதை இன்னும் மதிச்சு மெதுவா போகணும்.

அடுத்தது இறக்கம். மலைல ஏற்றத்தை பாத்து பயப்படுறோம், லோடு வண்டிக்கு இறக்கம்தான் சோதனை. வேகம் 80ல இருந்து 100 ஆனா பிரேக் அடக்க வேண்டிய சக்தி ஒண்ணரை மடங்குக்கு மேல ஏறிடும், எடையும் கூடினா இன்னும். எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க, ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுல போட்டு கீழ் கியர்லயே வச்சு இறங்குங்க, பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்க. கருகின வாசனை வந்துச்சுன்னா பாதுகாப்பான இடமா பாத்து ஒதுங்கி அரை மணி நேரம் ஆற விடுங்க, சூடான டிஸ்க்ல தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, கோணிக்கும்.

பழைய_டிரைவர்:

ரூஃப் பாக்ஸே வேணாம்னு டீசல்_பயணி சொல்றதுல எனக்கு முழு உடன்பாடு இல்ல. உள்ள பிள்ளைங்க தலைக்கு மேல வரைக்கும் பையை அடுக்கறதை விட மேல பூட்டின பாக்ஸ்ல மெத்தை, போர்வை, துணின்னு லேசான சாமானை வைக்கிறது எவ்வளவோ பாதுகாப்பு. தப்பு எங்கன்னா, கனமான சூட்கேஸை கயித்துல கட்டினது. மேனுவல்ல ரூஃப் மேல எவ்வளவு கிலோன்னு இருக்கும், நிறைய வண்டில 75ல இருந்து 100 கிலோ, அதுல கம்பி, பாக்ஸ் எடையும் சேர்த்திதான். மாட்டி முதல் 50 கிலோமீட்டர்ல ஒரு தடவை நிறுத்தி கிளாம்பை இறுக்கிப் பாக்கணும். வண்டி உயரம் எவ்வளவு ஆச்சுன்னு அளந்து ஒரு துண்டு பேப்பர்ல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டுங்க, 2.1 மீட்டர்னு போர்டு போட்ட பார்க்கிங்ல அசதில நுழைஞ்சு பாக்ஸ் நொறுங்கினதை கண்ணால பாத்திருக்கேன்.

ஆனா டீசல் கூட குடிக்கும், அதை மறைக்க மாட்டேன். லிட்டருக்கு 14 குடுத்த என் வண்டி பாக்ஸோட 11.5க்கு வந்துச்சு, 100க்கு மேல போனா இன்னும் மோசம்.

டீசல்_பயணி:

அண்ணா சொல்றது சரி, லேசான சாமானுக்கு பாக்ஸ் ஓகே. நிலா அப்பா விஷயத்துல முதல்ல சாமானை குறைக்கணும்னுதான் சொல்ல வந்தேன். 12 நாளைக்கு 12 செட் துணி வேணாம், நாலு நாளைக்கு ஒரு தடவை துவைச்சா போதும். சூட்கேஸை வீட்டுலயே விட்டுட்டு துணிப் பையா மாத்துங்க, மூலை முடுக்குல அமுங்கி உக்காரும். மூணாவது வரிசை 50:50 மடியும்னா ஒரு பாதியை மட்டும் நிமித்தி பொண்ணை உக்கார வச்சு மறு பாதியை மடிச்சு சாமான் வைங்க. கனமானது தரைல, சீட்டு முதுகை ஒட்டி. அவ பக்கத்துல சாமான் வர்றதால வலை போட்டு, தரைல இருக்குற கொக்கில பெல்ட் மாட்டி இறுக்கணும், சீட்டு முதுகு உயரத்தை தாண்டக்கூடாது. சடன் பிரேக்ல கட்டாத ஒரு தண்ணி பாட்டில் கூட கல்லு மாதிரி பறந்து வரும்.

ஒரு ராத்திரி தங்கறதுக்கு வேண்டியதை மட்டும் ஒரு தனிப் பைல போட்டுக்கோங்க, அதை மட்டும் தூக்கிட்டு ரூமுக்கு போயிடலாம். தினம் ராத்திரி மொத்த டிக்கியையும் பிரிச்சு காலைல திரும்ப அடுக்கினா மூணாவது நாளே எல்லாருக்கும் சலிச்சு போயிடும், சண்டையே அதுலதான் வரும்.

நிலா_அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சொன்னதை அப்படியே செஞ்சு பாத்துட்டு எழுதறேன்.

ஸ்டிக்கர்ல மொத்தம் 2,510, காலி எடை 1,950, ஆக 560 கிலோ இடம். நாங்க ஆறு பேர் 325, சைல்ட் சீட், கேரியர், பழைய சூட்கேஸ் எல்லாம் சேர்த்து 182. மொத்தத்துல 53 கிலோ மிச்சம் இருக்கே, அப்புறம் ஏன் அப்படி ஆடுச்சுன்னு குழம்பிட்டேன். அதே லோடை அப்படியே ஏத்தி எடை மேடைல வச்சப்பதான் புரிஞ்சுது, மொத்தம் 2,457, பின் ஆக்ஸில் மட்டும் 1,335, ஸ்டிக்கர்ல இருக்குறது 1,310. மொத்தக் கணக்குல தப்பு தெரியல, பின்னாடி 25 கிலோ தாண்டியிருக்கு.

இப்ப கேரியரையே கழட்டிட்டேன், சூட்கேஸ் போய் துணிப் பை ஆறு. ஸ்ட்ரோலர் வரல, பையனை தூக்கிக்கறோம். சாமான் 128க்கு இறங்குச்சு, திரும்ப மேடைல ஏத்தினா மொத்தம் 2,403, பின்னாடி 1,275. காத்து ஃபுல் லோடு கணக்குக்கு வச்சு லைட் சக்கரத்தை 2ல போட்டு நேத்து 60 கிலோமீட்டர் போயிட்டு வந்தோம், அதே ரோடு, அதே மாதிரி லாரிங்க, வண்டி ஆடவே இல்ல. எதிர்ல ஒருத்தர் கூட லைட் அடிக்கல.

மலைவழி அண்ணா, ஸ்டெப்னியை இறக்கிப் பாத்தேன், எங்களுதுலயும் கம்பி மாட்டுற இடத்துல மண்ணுதான், எண்ணெய் விட்டு சுத்தம் பண்ணியாச்சு. அதுல காத்து 18தான் இருந்துச்சு.

அம்மா வரமாட்டேன்னுதான் உக்காந்திருந்தாங்க, ஸ்டூலை போட்டு "ஒரு தடவை ஏறி மட்டும் பாருங்கம்மா"ன்னு கெஞ்சினேன். ஏறி கதவோரம் உக்காந்து காலை நீட்டி பாத்துட்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டே இருந்தாங்க. நேத்து அந்த 60 கிலோமீட்டரும் தலை சுத்தல் எதுவும் இல்ல. இன்னைக்கு காலைல பாத்தா அவங்க மாத்திரை டப்பா, ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடி மூணையும் ஒரு சின்ன பைல போட்டு என்கிட்ட குடுத்து, "இதையும் எடை போட்டு எழுதிக்கோ"ன்னாங்க. ஒரு கிலோ நூறு கிராம்.